நீதவான் வீட்டு வழக்கு

யோகராணிக்கு அந்தப் பொலிஸ்காரன் மேல் வந்த கோபத்தைவிடக் கணவன் மேல் வந்த கோபம்தான் அதிகம். நடந்ததை வீட்டில் வாய் திறந்து சொல்ல முடியாதபடி செய்து வைத்திருந்தவர் அவர்தானே.

நடந்தது இவ்வளவுதான். யோகராணி ஒரு தாதி. மெல்பேர்ணின் வடக்குப் புறநகர்களில், ஆஸ்பத்திரிக்கு வந்துபோக முடியாத வயதானவர்களின் வீடுகளுக்குத் தன் சின்ன டட்சன் காரில் போய், புண்ணுக்கு மருந்து கட்டி, இன்சுலின் ஊசி போட்டுவிட்டு வருவது அவள் வேலை. ஜூன் மாதத்தில் ஒரு காலை, தூறல் மழை. சிட்னி ரோட்டில் அவளுக்கு முன்னால் ஒரு டிராம் நின்றது. டிராம் ஓடுவது வீதியின் நடுவில். ஆட்கள் இறங்குவதும் நடு வீதியில்தான். ஆகவே டிராம் நின்று கதவு திறந்திருந்தால் பின்னால் வரும் கார் அப்படியே நிற்க வேண்டும். அந்த ஊரில் அது சட்டம். யோகராணிக்கும் அது நன்றாகத் தெரியும். ஆனால் ஊசிக்குக் காத்திருக்கும் மிசிஸ் டோய்லுக்கு நேரம் பிந்திவிட்டது, இறங்க ஒருவரும் இருப்பதாகத் தெரியவில்லை, கால் தானாகவே வேக மிதியை அமுக்கிவிட்டது. டிராமைத் தாண்டி மூலைக்கு வந்தால், மழைக்கோட்டுப் போட்ட பொலிஸ்காரன் ஒருவன் கையைக் காட்டுகிறான்.

வேகமாக ஓடியதற்காக ஏற்கெனவே குற்றப் புள்ளிகள் விழுந்த லைசன்ஸ் அது. இன்னொரு குற்றம் ஏறினால் பறித்துவிடுவார்கள். கார் ஓட்ட முடியாத தாதியை வைத்துக்கொண்டு தாதிகளின் தலைவியான மேற்றன் என்ன செய்வாள்? அந்த வேலை போனால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று யோகராணி உண்மையாகவே நம்பினாள்.

சரி, கட்டினவரிடம் சொல்லி ஒரு மூச்சு அழலாம் என்றால், அவர் டிராம் கொண்டக்டர்.

"கதவு திறந்திருக்கேக்கை தாண்டிப் போறவனை ஆறு மாசம் உள்ளை போடோணும்," என்பார் ஈஸ்வரமூர்த்தி, கிழமைக்கு இரண்டு தடவையாவது, இடியப்பத்தைப் பிசைந்துகொண்டே. "மனுசரே அவங்கள்? நேற்று ஒரு கிழவி அரும்பொட்டிலை தப்பினது."

யோகராணி சொதியை ஊற்றிவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள்.

இந்த ஈஸ்வரமூர்த்தி யாழ்ப்பாணத்தில் டிக்கெட் கிழித்தவர் இல்லை. அங்கே அவர் பிறக்கிறாசி. கறுப்புக் கோட்டுப் போட்டு, கோர்ட்டில் எழுந்து நின்று வழக்குப் பேசியவர். மனைவிக்குத் தாதி வேலை கிடைத்ததால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் கூடவே வந்தார். அவருடைய சட்டப் படிப்பு இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டிராமில் ஏறினார். ஒருநாளும் முணுமுணுத்ததில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நீதிமன்றக் கட்டடம் இருக்கும் சந்தியை டிராம் கடக்கும்போது மட்டும் அவர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு வெளியே பார்ப்பார் என்று டிப்போவில் பேச்சு.

அவர் பார்ப்பதைக் கண்ட தொழிற்சங்கச் செயலாளர் ஒரு நல்ல மனுஷன். அவர் பரிந்துரை செய்ய, போன வருஷம் ஈஸ்வரமூர்த்தியைச் சமாதான நீதவான் ஆக்கினார்கள். யாழ்ப்பாணத்தில் அந்தப் பதவி வந்தால் படலையில் பெயர்ப் பலகை தொங்கும், பள்ளிக்கூடப் பரிசளிப்பில் முன்வரிசைக் கதிரை கிடைக்கும். மெல்பேர்ணிலோ மருந்துக் கடைக்காரரும் சமாதான நீதவான், பேக்கரியில் பாண் போடுகிற மிஸ்டர் ஹாரிஸும் சமாதான நீதவான். பத்திரங்களில் கையெழுத்துக்குச் சாட்சி வைப்பதுதான் பெரும்பாலும் அவர்கள் வேலை.

"பேப்பர்காரப் பெடியனும் நீதவானோ எண்டு கேட்டுப் பாருங்கோ," என்று யோகராணி சீண்டினாள்.

அவர் அசையவில்லை. காரணம், இந்த மாநிலத்தில் இரண்டு சமாதான நீதவான்கள் சேர்ந்து உட்கார்ந்தால் சின்ன வழக்குகளை விசாரிக்கலாம். சம்பளமில்லை, சட்டப் படிப்பும் தேவையில்லை; கூப்பிட்டால் போக வேண்டியதுதான். இழந்த கோர்ட்டுக்குள் திரும்பிப் போக அவருக்கு இருந்த ஒரே வாசல் அது. ஒரு வருஷமாக அந்தக் கூப்பிடுதலுக்காக ரெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காத்திருந்த காலத்தில் சும்மாவும் இருக்கவில்லை. விக்டோரியா மாநிலத்துக்குப் புதிதாக வந்திருந்த அரசியலமைப்புச் சட்டத்தை வாங்கி, மண்ணிறத் தாளில் உறை போட்டு, சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தார். ஊறுகாய்ப் போத்தலுக்கும் அதற்கும் இடையில் பெரிய தூரம் கிடையாது.

"இஞ்சை பாரும், ராணி. நாட்டுக்கு ஒரு அரசியலமைப்பு, மாநிலத்துக்கு வேறை ஒரு அரசியலமைப்பு. மாநிலத்துக்கு எண்டு தனிக் கோர்ட்டுகள். எங்கடை டிராம் பாதை மாதிரி நினையும். முதல் தரிப்பு மஜிஸ்திரேட் கோர்ட். நான் இருக்கப் போறது அங்கை. அதிலை தோத்தவன் கவுண்டி கோர்ட்டுக்கு ஏறலாம், அங்கை முழு வழக்கையும் திரும்பக் கேப்பினம். அதுக்கு மேலை சுப்ரீம் கோர்ட். இந்தப் புத்தகத்திலை அதுக்கெண்டு தனிப் பகுதியே இருக்கு. மற்ற ரெண்டும் பாராளுமன்றம் வேறை சட்டம் போட்டு உண்டாக்கினது."

"சரி, சோத்தைப் பாத்துச் சாப்பிடுங்கோ."

"பொறும். சுப்ரீம் கோர்ட்டிலை ஒரு நீதியரசர் பிழை விட்டால், மூண்டு பேர் சேந்திருந்து கேப்பினம். அதுக்கும் மேலை முழு நாட்டுக்குமான ஹை கோர்ட். கடைசித் தரிப்பு எது தெரியுமோ? லண்டன்! மகாராணியின்ரை பிறிவிக் கவுன்சில். எங்கடை ஊரிலை அந்தப் பாதையை மூடிப்போட்டாங்கள். இஞ்சை மாநிலக் கோர்ட்டிலை இருந்து இன்னும் டிராம் ஓடுது!"

மற்ற நாட்களில் என்றால் யோகராணி பாதியிலேயே எழுந்து போயிருப்பாள். அன்று மட்டும் உட்கார்ந்து கேட்டாள். கோர்ட்டிலிருந்து வந்த அழைப்பாணை அவள் கைப்பைக்குள் இருந்தது.

"ஏனப்பா, ஒருத்தன் உண்மையிலேயே பிழை செய்திருந்தால் என்ன செய்யிறது?"

"என்ன பிழை எண்டாலும் ஒத்துக்கொள்ளக் கூடாது. பொலிஸ் சொன்னால் பொலிஸ் நிரூபிக்கட்டும். கனக்க வழக்கிலை பொலிஸ்காரனே கோர்ட்டுக்கு வரமாட்டான். வழக்குத் தள்ளுபடி."

மறுநாளே யோகராணி தான் குற்றவாளி இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டாள். பிறக்கிறாசியைக் கட்டியதில் இவ்வளவு காலத்துக்குப் பிறகாவது ஒரு லாபம் கிடைக்கட்டுமே.

வழக்குக்கு முதல் நாள் பின்னேரம் ரெலிபோன் அடித்தது. எடுத்தவர் ஈஸ்வரமூர்த்தி. கேட்டுக்கொண்டே வந்தவரின் முகம் விரிந்த விதத்தைப் பார்த்து, ஊரில் யாருக்கோ குழந்தை பிறந்திருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள்.

"நாளைக்கு! நாளைக்கு என்னை இருக்கச் சொல்லினம், ராணி! மஜிஸ்திரேட்டுக்கு வழக்குகள் கூடிப்போச்சாம். ரெண்டாவது அறையிலை நானும் பாண்கார ஹாரிஸும்!"

யோகராணியின் கண் அழைப்பாணை இருந்த கைப்பைக்குப் போனது. அதே கோர்ட், அதே நாள்.

அவர் தலைகால் புரியாமல் ஓடித் திரிந்தார். பெட்டியின் அடியிலிருந்து யாழ்ப்பாணத்துக் கறுப்புக் கோட்டை எடுத்தார். பூச்சி உருண்டை மணம் வீட்டை நிறைத்தது. போட்டுப் பார்த்தார், வயிற்றில் கொஞ்சம் பிடித்தது. மூச்சை உள்ளே இழுத்துப் பொத்தானைப் பூட்டிவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்றார்.

"இஞ்சாருங்கோ," என்றாள் யோகராணி.

அவர் திரும்பினார். இந்த நாட்டுக்கு வந்து அந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் கண்டதே இல்லை. சொன்னால் அவர் உடனே ரெலிபோனை எடுத்து, நாளைக்கு வர முடியாது என்று சொல்லிவிடுவார். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"கோட்டை அயன் பண்ணித் தரட்டோ?" என்று கேட்டாள்.

இரண்டு அறைகள் இருக்கின்றன, தன் வழக்கு மற்ற அறைக்குப் போகும் என்று சொல்லித் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டாள்.

போகவில்லை. காலையில் நீதிமன்ற வாசலில் ஒட்டியிருந்த தாளில் அவள் பெயர் இரண்டாம் அறைக்குக் கீழேதான் இருந்தது. துணைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு வைதேகி அதைக் கண்டதும் துள்ளினாள். வைதேகி மதுரைக்காரி, விஷயம் முழுவதும் தெரிந்த ஒரே ஆள்.

"அக்கா, இதைவிட என்ன வேணும்? உங்க வீட்டுக்காரர் கையில உங்க கேஸு!"

"விசர்க் கதை கதையாதையும்."

"யாருக்குத் தெரியப்போகுது? இங்க பாருங்க, யோகராணி வரதராஜான்னு போட்டிருக்கு. அவர் ஈஸ்வரமூர்த்தி. வெள்ளைக்காரங்க புருஷன் பொண்டாட்டின்னா ஒரே பேருதான் இருக்கும்னு நினைப்பாங்க."

அது உண்மைதான். கல்யாணத்துக்கு முன்பே தாதியாகப் பதிந்தவள் யோகராணி. தகப்பன் பெயர்தான் எல்லாப் பத்திரங்களிலும். லைசன்ஸிலும் அதுவே. அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரனுக்கும் இந்த இரண்டு பெயரையும் ஒரு வீட்டுக்குள் வைத்துப் பார்க்கத் தோன்றாது.

இருவரும் போய்ப் பின்னால் கிடந்த நீள வாங்கில் ஒரு தடித்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். மேடையில் ஈஸ்வரமூர்த்தி. பக்கத்தில், இடது காதில் இன்னும் கொஞ்சம் மாவோடு, ஹாரிஸ். முதல் வழக்கு, குடித்துவிட்டுப் பூங்காவில் படுத்திருந்த ஒருவருடையது. ஈஸ்வரமூர்த்தி சற்று முன்னால் சாய்ந்து, அவசரப்படாமல், போக வீடு இருக்கிறதா, யாராவது தேடுவார்களா என்று கேட்டார். அந்த மனிதர் தலையை நிமிர்த்திப் பதில் சொன்னார். இரண்டு நீதவான்களும் காதோடு காது பேசி, எச்சரித்து அனுப்பினார்கள். யோகராணி தடித்த மனிதரின் முதுகுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பயத்தையும் மறந்து, இந்த மனுஷன் இதற்காகவே பிறந்தவர் என்று நினைத்தாள்.

அடுத்ததாகக் கோர்ட் கிளாக்கர் தாளை எடுத்தார். "யோகா... ரானி... வாரா... தாரா..." என்று தட்டுத் தடுமாறினார்.

மேடையில் தலை நிமிர்ந்தது.

யோகராணி எழுந்து முன்னால் போய் நின்றாள். பொலிஸ் பக்கத்துச் சார்ஜன்ட் குற்றத்தை வாசித்தார்: சிட்னி ரோட்டில், கதவு திறந்து நின்ற டிராமைக் காரில் தாண்டியது. 'டிராம்' என்ற சொல் வந்ததும் ஈஸ்வரமூர்த்தியின் புருவம் இரண்டும் நெற்றியின் உச்சிக்கே போய்விட்டன. அவர் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"நடத்தலாமா?" என்று ஹாரிஸ் மெதுவாகக் கேட்டார்.

பின்னால் வைதேகி மூச்சு விடவில்லை. யோகராணிக்கு இரண்டு ஆசைகள் ஒரே நேரத்தில் வந்தன. அவர் பேசாமல் இருந்தால் லைசன்ஸ் தப்பும். அவருடைய நாளும் தப்பும். ஆனால் பேசாமல் இருந்துவிட்டாரானால், இன்று இரவு இவருக்கு எந்த முகத்தோடு சோறு போடுவது? இருந்துவிடுவாரோ என்றுதான் அவளுக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

ஈஸ்வரமூர்த்தி எழுந்தார். கோட்டின் பொத்தான் ஒன்று தெறித்து மேசையில் உருண்டது.

"இந்த வழக்கை நான் கேட்க முடியாது," என்றார் ஆங்கிலத்தில், தெளிவாக. "இவர் என் மனைவி."

சார்ஜன்ட் வாயைத் திறந்தபடி நின்றார். கிளாக்கர் பெயர்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "பெயர் வேறாக இருக்கிறதே, ஐயா?"

"எங்கள் ஆட்களின் பெயர்கள் அப்படித்தான். ஆனால் மனைவி இவர்தான். எனக்கு நன்றாகத் தெரியும்."

கோர்ட் முழுவதும் சிரித்தது. கிளாக்கரும் சிரித்துக்கொண்டே, இந்த ஒரு வழக்கை மட்டும் பக்கத்து அறைக்கு அனுப்பிவிடலாம், மற்றவற்றை நீங்கள் தொடரலாம் என்றார். யோகராணி உள்ளுக்குள் பிள்ளையாருக்கு நன்றி சொல்லத் தொடங்கினாள். ஆனால் ஈஸ்வரமூர்த்தி தலையசைத்துவிட்டார். இன்றைய வழக்குகள் எல்லாவற்றையும் கொண்டுவந்திருப்பவர் இதே சார்ஜன்ட். மனைவி மேல் வழக்கு நடத்துகிறவர் கொண்டுவரும் வழக்குகளை இன்று தான் கேட்பது அழகில்லை என்றார். அவர் எழுந்துவிட்டால் மிச்சம் ஒரு நீதவான்; ஒருவரோடு அந்த அறை நடக்காது. எல்லா வழக்குகளும் பக்கத்து அறைக்குப் போயின. ஹாரிஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு அவர் கையைப் பலமாகக் குலுக்கிவிட்டு, பேக்கரியில் வேலை கிடக்கிறது என்று போய்விட்டார். ஒரு வருஷம் காத்திருந்த மனுஷனின் நீதிமன்றம், குடித்துவிட்டுப் படுத்த ஒருவரோடு முடிந்தது.

பக்கத்து அறையில் தடிமன் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த மஜிஸ்திரேட்டுக்கு முன்னால் யோகராணி மறுபடி நின்றாள். வரமாட்டான் என்று கணவன் சொன்ன அந்தப் பொலிஸ்காரன் புதிதாகச் சவரம் செய்துகொண்டு வந்து நின்றான்.

"குற்றவாளி இல்லை என்கிறீர்கள், அப்படித்தானே?" என்று மஜிஸ்திரேட் கேட்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பின் வாங்கில், வைதேகிக்குப் பக்கத்தில், பொத்தான் போன கறுப்புக் கோட்டோடு அவர் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பேருக்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறவரைப் பின்னால் வைத்துக்கொண்டு, இவள் எப்படிப் பொய் சொல்வாள்?

"இல்லை, ஐயா. குற்றவாளிதான். கதவு திறந்திருந்தது. நான் பார்த்தேன்."

"ஐயோ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சுத்தமான யாழ்ப்பாணத்து ஐயோ. மஜிஸ்திரேட் கைக்குட்டையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

பழைய புள்ளிகளும் சேர்ந்ததால் லைசன்ஸை விட முடியாது, ஆனால் தானாக ஒத்துக்கொண்டதால் ஒரு மாதத்துக்கு மட்டும் நிறுத்துகிறேன் என்றார் அவர். ஒரே ஒரு மாதம். யோகராணி பயந்ததில் பாதிகூட இல்லை.

வெளியே படியில் வைத்து அவளைப் பிடித்துக்கொண்டார் ஈஸ்வரமூர்த்தி.

"ஏன் ஒத்துக்கொண்டனீர்? உமக்கென்ன விசரே? நல்ல வழக்கு! மழை பெய்தது, பொலிஸ்காரன் நிண்டது மூலையிலை, அவனுக்குக் கதவு எப்பிடித் தெரிஞ்சது? நான் அங்கை இருந்து முழுக்க யோசிச்சுப் போட்டன். இஞ்சை தோத்தால் கவுண்டி கோர்ட். அங்கையும் தோத்தால்..."

"லண்டன் மட்டும் போவமோ?"

"ஏன் போகேலாது? பாதை திறந்துதானே கிடக்கு!"

"இஞ்சாருங்கோ, நான்தான் தாண்டினனான். டிராம் நிண்டது. கதவு நல்லாத் திறந்து கிடந்தது."

பிறக்கிறாசியின் வாய் மூடிக்கொண்டது. பிறகு கொண்டக்டர் கண்ணை விழித்தார்.

"திறந்து கிடந்ததோ?" என்றார். "திறந்து கிடக்கேக்கையோ போனனீர்?"

"ஓம்."

முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஆரும் இறங்கியிருந்தால்? ஒரு குழந்தைப்பிள்ளை இறங்கியிருந்தால்? உம்மை ஆறு மாசம்..."

"உள்ளை போடோணும். தெரியும். அதாலைதான் சொல்லேல்லை."

வைதேகிதான் முதலில் சிரித்தாள். பிறகு யோகராணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழவும் செய்தாள், அவருடைய நாளைப் பாழாக்கிவிட்டேனே என்று. அவர் உள்ளங்கையில் வைத்திருந்த பொத்தானை அவளிடம் நீட்டினார்.

"தைச்சு வையும். இன்னொருக்கால் கூப்பிடுவினமாம், கிளாக்கர் சொன்னவர்."

மேற்றன் அவர்கள் நினைத்த அளவுக்குப் பொல்லாதவள் இல்லை. டிராமில் போவாயோ, நடந்து போவாயோ, நோயாளிக்கு ஊசி தவறக் கூடாது என்று மட்டும் சொன்னாள். திங்கட்கிழமை காலை யோகராணி மருந்துப் பையோடு ஏறிய டிராமில் கொண்டக்டர் அவள் வீட்டுக்காரர்தான்.

"ரிக்கற்," என்றார் கையை நீட்டி.

"என்னட்டையுமோ?"

"உம்மட்டைத்தான் முதலிலை."

முறைத்துக்கொண்டே காசைக் கொடுத்தாள். மிசிஸ் டோய்லின் தெருவுக்கு வந்து டிராம் நின்றபோது தூறல் தொடங்கியிருந்தது. கதவு திறந்தது. யோகராணி கால் எடுத்து வைக்குமுன் அவரே வீதியில் இறங்கி, தோல் பையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மற்றக் கையை உயர்த்தினார். பின்னால் வேகமாக வந்த ஒரு சின்னக் கார் கிரீச்சென்று நின்றது. ஓட்டி வந்த பெண் பொறுமையில்லாமல் ஹோர்னை அமுக்கினாள். அவளுக்கும் எங்கேயோ நேரம் பிந்தியிருக்க வேண்டும். ஈஸ்வரமூர்த்தி அசையவில்லை.

யோகராணி நடைபாதையில் ஏறித் திரும்பிப் பார்த்தாள். தொப்பியில் மழை சொட்ட, கை இறங்காமல், அந்தக் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். மேடையில் கோட்டோடு இருந்தபோதுகூட இந்த மிடுக்கு அவருக்கு இருக்கவில்லை என்று அவளுக்குப் பட்டது. ஜூன் மாதம் அந்தக் காருக்குள் இருந்தது நான்தானே என்று நினைக்க வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது.

"கவனமாப் போம், ராணி!" என்று கத்திவிட்டு அவர் படியில் ஏறி மணிக்கயிற்றை இழுத்தார்.